முதல் தாளும் கடைசித் தாளும்

நடுவில் பின் அடித்த புத்தகங்களுக்கு ஒரு குணம் உண்டு. அவற்றில் முதல் தாளும் கடைசித் தாளும் தனித்தனி இல்லை. ஒரே தாளை மடித்த இரண்டு பாதிகள். பின் துருப்பிடித்து மேல் தாள் கழன்றுவிட்டால் கதையின் தொடக்கமும் முடிவும் சேர்ந்தே போய்விடும். நடுப்பகுதி மட்டும் கையில் மிஞ்சும்.

என் கைக்கு வந்த முதல் ஸ்பைடர்மேன் புத்தகம் அப்படித்தான் வந்தது. சித்தப்பா எங்கிருந்தோ கொண்டுவந்த பழைய புத்தகக் கட்டில் அது கிடந்தது. அட்டை இல்லை. பின் இருந்த இடத்தில் இரண்டு பழுப்புக் கறைகள். எனக்கு வயது ஒன்பது. ஆங்கிலம் எழுத்துக் கூட்டி வாசிப்பேன், பொருள் பாதி புரியாது. அதனால் அந்தப் புத்தகத்தை நான் படித்தேன் என்று சொல்ல முடியாது. பார்த்தேன். நூறு தடவையாவது பார்த்திருப்பேன்.

பிரித்தவுடனேயே ஒருவன் நசுங்கிக் கிடந்தான். சிவப்பும் நீலமுமாக உடை, முகத்தை முழுக்க மூடிய முகமூடி, முதுகின்மேல் வீடு அளவுக்கு ஒரு இரும்பு எந்திரம். யார் அவன்மேல் அதைத் தள்ளியது? தெரியாது. ஏன் அங்கே போனான்? தெரியாது. எழுந்திருக்கப் பார்க்கிறான், முடியவில்லை. மறுபடி பார்க்கிறான். ஒரு படக் கட்டத்தில் அவன் தலைக்கு மேலே ஒரு கிழவரும் ஒரு பாட்டியும் காற்றில் மிதந்தார்கள். இருவரும் செத்துப்போனவர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். உயிரோடு இருப்பவர்கள் அப்படி ஏன் மிதக்கப்போகிறார்கள்?

அப்புறம் அவன் எழுந்துவிட்டான். எந்திரத்தைத் தலைக்கு மேலே தூக்கி எறிந்தான். பக்கம் முழுக்க அந்த ஒரே படம்.

கடைசித் தாள் இல்லாததால் அவன் அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுபோன ஒரு மருந்துக் குப்பி என்ன ஆனது என்பது எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது வரை என்னிடம் இருந்தது. யாருக்காக, பிழைத்தார்களா என்பது இல்லை. அதற்குப் பிறகு வேறு ஸ்பைடர்மேன் கதைகள் கிடைத்தன. அவற்றில் மிதந்த அதே பாட்டி உயிரோடு தோசைக்கரண்டி மாதிரி ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு அடுப்பங்கரையில் நின்றாள். எனக்குக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. இந்தக் கதைகள் அதற்கு முன்னால் நடந்தவையா, பின்னால் நடந்தவையா? முன்னால் என்றால் அவள் பிறகு இறந்திருக்கலாம். பின்னால் என்றால் பிழைத்திருக்கிறாள். வரிசை எண் தெரியாமல் உதிரியாகப் படிக்கிற பிள்ளைக்கு இதை முடிவு செய்ய வழியே இல்லை.

பல வருடங்களுக்குப் பிறகு அந்தக் கதையை முழுசாகப் படித்தேன். மார்வெல் மாஸ்டர்வொர்க்ஸ் என்ற மறுபதிப்பு வரிசை 1987ல் தொடங்கியது. கெட்டி அட்டை, வழவழப்பான தாள், வரிசை மாறாமல் பத்துப் பத்து இதழ்களாக. அதில் தி அமேசிங் ஸ்பைடர்மேன் 31 முதல் 40 வரையிலான இதழ்கள் ஒரே தொகுப்பாக இருக்கின்றன. என் கிழிந்த புத்தகத்தின் கதை 33வது இதழ். அட்டைத் தேதி 1966 பிப்ரவரி, விலை 12 சென்ட். கதையின் பெயர் ‘கடைசி அத்தியாயம்’. 31, 32, 33 மூன்றும் சேர்ந்து ஒரே கதை. நான் அத்தனை வருடமும் மனதில் வைத்திருந்தது மூன்றில் ஒரு பங்கின் நடுத்துண்டு.

சரி, மறுபதிப்பு வாங்கிய அன்றே ஒன்று புரிந்தது. என்னிடம் இருந்ததும் அசல் இல்லை. அதை 1966ன் புத்தகம் என்றே நம்பி, பாலித்தீன் உறையில் போட்டு வைத்திருந்தேன். எடுத்து ஒப்பிட்டபோதுதான் உள்ளே இருந்த விளம்பரம் கண்ணில் பட்டது. டிவியில் மாட்டி விளையாடுகிற வீடியோ கேம். 1966ல் ஏது வீடியோ கேம்? மார்வெல் நிறுவனம் 1964லிருந்து ‘மார்வெல் டேல்ஸ்’ என்ற பெயரில் பழைய கதைகளை மறுபடி அச்சிட்டு வந்தது. 1982ல் ஸ்பைடர்மேனின் முதல் கதையிலிருந்து மீண்டும் வரிசையாகப் போடத் தொடங்கினார்கள். என்னுடையது அந்த வரிசையில் வந்தது. வருத்தமாக இருந்ததா என்றால், இல்லை. சித்தப்பா தந்த புத்தகமும் யாரோ ஒருவர் ‘இந்தக் கதை காணாமல் போகக்கூடாது’ என்று இன்னொரு தடவை அச்சில் ஏற்றியதால்தான் என்னிடம் வந்திருக்கிறது. அதை நினைத்தபோது அந்தப் பழுப்புத் தாள்மேல் பிரியம் கூடியது.

கதைக்கு வருகிறேன்.

31வது இதழில் பீட்டர் பார்க்கர், அதாவது முகமூடி இல்லாத ஸ்பைடர்மேன், கல்லூரியில் சேர்கிறான். முதல் நாள். வகுப்பில் புது முகங்கள். பின்னாளில் அவன் வாழ்க்கையையே புரட்டிப்போடப்போகிற க்வென் ஸ்டேசியும், உயிர் நண்பனாகப்போகிற ஹாரி ஆஸ்பர்னும் முதன்முதலாக வருவது இந்த இதழில்தான். வந்து பேசுகிறார்கள். பீட்டர் காதில் எதுவும் விழவில்லை. அவனை வளர்த்த மே அத்தை ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், அவன் நினைப்பு முழுக்க அங்கே. திமிர் பிடித்தவன் என்று அவர்கள் முடிவு கட்டுகிறார்கள். இந்தக் காட்சியில் சண்டை இல்லை, சாகசம் இல்லை. ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு தாழ்வாரத்தில் நடக்கிறான், அவ்வளவுதான். நான் அந்த இரண்டு பக்கத்தைத் தாண்ட நேரம் பிடித்தது. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த வாரத்தில் அலுவலகத்தில் யார் என்ன கேட்டார்கள், நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு இன்றைக்கும் நினைவில்லை. அப்போது யாராவது என்னைத் திமிர் பிடித்தவன் என்று நினைத்திருந்தால் அவர்கள்மேல் தப்பில்லை.

அத்தைக்கு என்ன நோய்? இதுதான் என் கிழிந்த புத்தகத்தில் இல்லாத செய்தி. அவள் ரத்தத்தில் கதிரியக்கத் துகள் கலந்திருக்கிறது. எப்படிக் கலந்தது? இருபத்திரண்டு மாதங்களுக்கு முன்னால், 1964 மார்ச்சில் வந்த 10வது இதழில், அவளுக்கு ரத்தம் தேவைப்பட்டது. பீட்டர் கொடுத்தான். கதிரியக்கம் பட்ட சிலந்தி கடித்த உடம்பிலிருந்து போன ரத்தம் அது. காப்பாற்றக் கொடுத்ததே மெல்லக் கொன்றுகொண்டிருக்கிறது.

இதைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஒன்பது வயதில் நான் பார்த்தது பலசாலி ஒருவன் பாரத்தைத் தூக்கிய கதை. இப்போது கையில் இருப்பது வேறு. அவன் வில்லனிடமிருந்து அத்தையைக் காப்பாற்றவில்லை. தன்னிடமிருந்து காப்பாற்றுகிறான். முதுகில் கிடக்கிற இரும்பு யாரோ தள்ளியதுதான், ஆனால் அதற்கு முந்தின பாரத்தை அவனே, நல்ல மனதோடு, தன் கையால் ஏற்றியிருக்கிறான். மே அத்தையின் கணவர் பென் மாமாவின் சாவுக்குத் தான்தான் காரணம் என்ற குற்றவுணர்வு 1962 ஆகஸ்ட் இதழில் வந்த முதல் கதையிலிருந்தே அவனுக்கு இருக்கிறது. பின்னால் மாமாவைக் கொன்ற திருடனை, முன்பே தடுக்க முடிந்தும் தடுக்காமல் விட்டவன் அவன். இப்போது இரண்டாவது தடவை. அந்த மிதக்கும் கிழவரும் பாட்டியும் யார் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. ஒருவர் அவன் இழந்துவிட்டவர். இன்னொருவர் இழந்துகொண்டிருப்பவர். இருவரையும் ஒரே கட்டத்தில், ஒரே அளவில், பக்கத்தில் பக்கத்தில் வரைந்திருக்கிறார் ஓவியர் ஸ்டீவ் டிட்கோ. சின்ன வயதில் இருவரும் செத்தவர்கள் என்று நான் நினைத்தது முழுத் தப்பும் இல்லை. அந்த நிமிடத்தில் பீட்டருக்கே அந்தப் பயம்தான்.

32வது இதழில் அவன் டாக்டர் கானர்ஸிடம் ஓடுகிறான். முன்பு பல்லி மனிதனாக மாறி ஸ்பைடர்மேனோடு மோதியவர், ஒரு கை இல்லாத விஞ்ஞானி. ஐ.எஸ்.ஓ.-36 என்ற மருந்து இருந்தால் நோயை முறிக்கலாம் என்கிறார். அதை வரவழைக்கப் பணம் வேண்டும். உலகத்தில் எவ்வளவோ பேரைக் காப்பாற்றிய ஸ்பைடர்மேன், தான் ஆசை ஆசையாகச் சேர்த்த ஆய்வுக்கூடக் கருவிகளை அடகு வைக்கப் போகிறான். ஒரு சூப்பர் ஹீரோ கதையில் ஹீரோ அடகுக்கடை வாசலில் நிற்பதை வரைய வேண்டும் என்று அந்தக் காலத்தில் ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே, அதற்காகவே டிட்கோவைக் கும்பிடலாம். மருந்து வரும் வழியிலேயே திருடு போகிறது. திருடியது மாஸ்டர் பிளானர் என்ற மறைமுக எதிரியின் கும்பல். அந்த மாஸ்டர் பிளானர் வேறு யாருமில்லை, ஸ்பைடர்மேனின் பழைய எதிரி டாக்டர் ஆக்டோபஸ்தான். ஆற்றுக்கு அடியில் இருக்கும் அவர் கோட்டைக்குள் புகுந்து சண்டை போடுகிறான், எந்திரம் சரிகிறது, ஆக்டோபஸ் தப்பிவிடுகிறார். சண்டையைப் பற்றி இதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கும்.

33வது இதழின் முதல் ஐந்து பக்கங்கள்தான் முக்கியம்.

எனக்குக் கிடைக்காமல் போன முதல் பக்கம் ஒரு முழுப்பக்கப் படம். எந்திரத்துக்கு அடியில் அவன். மேலே கூரையில் கசிவு. நீர் சொட்டுகிறது. கொஞ்ச தூரத்தில், கைக்கு எட்டாமல், மருந்துக் குப்பி. அந்த நீர்ச்சொட்டு எனக்குப் புதுசு. தொடக்கப் பக்கம் இல்லாமல் பார்த்தபோது இதை வெறும் பாரம் தூக்கும் காட்சியாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். சொட்டைப் பார்த்த பிறகு அது நேரத்தோடு நடக்கிற போட்டி ஆகிவிட்டது. கூரைக்கு மேலே ஒரு ஆறே இருக்கிறது. எந்த நிமிடமும் உள்ளே வரும். அங்கே ஆஸ்பத்திரியில் அத்தைக்கும் நிமிடங்கள் போய்க்கொண்டிருக்கின்றன. இரண்டு கடிகாரத்தையும் ஒரு சொட்டு நீருக்குள் வைத்துவிட்டார் மனிதர்.

அடுத்த பக்கங்களில் அவன் முயல்கிறான், தோற்கிறான். இங்கே ஒன்று கவனித்தேன். ஸ்பைடர்மேனுக்கு முகம் கிடையாது. வேறு எந்த ஹீரோவாக இருந்தாலும் பல்லைக் கடிப்பதையோ கண்கள் சிவப்பதையோ காட்டி வேதனையைச் சொல்லிவிடலாம். இவனுடைய முகமூடியில் இரண்டு வெள்ளைக் கண்கள், அவை மாறவே மாறாது. அதனால் டிட்கோ எல்லாவற்றையும் விரல்களுக்குக் கொடுத்துவிட்டார். தரையில் ஊன்றிய விரல்கள் விரிந்து, வளைந்து, தரையையே பிறாண்டுகின்றன. அப்புறம் கழுத்து. தலை தொங்கினால் தோற்றான், நிமிர்ந்தால் முயல்கிறான். ஒரு கட்டத்தில் நெற்றி தரையைத் தொடுகிற மாதிரி இருக்கும், அடுத்ததில் ஒரு விரற்கடை மேலே. ஆங்கிலம் புரியாத ஒன்பது வயதுப் பையனுக்கு எல்லாம் புரிந்தது இதனால்தான்.

நான்காவது பக்கத்தில் கட்டங்கள் வளரத் தொடங்குகின்றன. எந்திரம் ஒரு அங்குலம் உயர்ந்தால் கட்டமும் கொஞ்சம் பெரிதாகிறது. முழங்கால் ஊன்றி, பாதி எழுந்து, முதுகை நிமிர்த்தி. கட்டத்தின் கோடுகளே அவனை அழுத்திக்கொண்டிருந்த மாதிரியும், அவன் அவற்றையும் சேர்த்துத் தள்ளுகிற மாதிரியும் இருக்கிறது. பக்கத்தைப் புரட்டுகிறோம். ஐந்தாவது பக்கத்தில் கட்டமே இல்லை. தாள் முழுக்க அவன்தான், கால்களை அகல ஊன்றி, எந்திரத்தைத் தூக்கி எறிந்தபடி. சுற்றிலும் தண்ணீர். பக்கத்தைப் புரட்டுவது நாம்தான், ஆனால் அந்தப் பாரத்தில் ஒரு பங்கை நாமும் தூக்கியது போலக் கை சொல்கிறது.

பின்னாளில் இந்தக் காட்சியைத் தழுவிப் பலர் வரைந்தார்கள், 2017ல் வந்த ஒரு ஸ்பைடர்மேன் படத்திலும் இடிபாட்டுக்கு அடியிலிருந்து எழும் காட்சி வந்தது. அங்கே பின்னணி இசையும் நடிகரின் அழுகையும் இருந்தன. எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் படத்தில் நேரம் தானாக ஓடுகிறது. காகிதத்தில் நாம் புரட்டும்வரை அவன் அங்கேயே கிடக்கிறான்.

வசனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வசனம் எழுதியவர் ஸ்டான் லீ. அன்றைய மார்வெல் முறைப்படி ஓவியர் முதலில் கதை முழுவதையும் வரைந்து முடிப்பார். அதற்குப் பிறகு பேச்சுக் குமிழ்களை எழுதுவார் கதாசிரியர். இந்தக் காலத்தில் கதையை அமைத்ததும் டிட்கோதான், பெயர்ப் பட்டியலிலேயே அப்படிப் போட்டிருக்கிறார்கள். 1966 ஜனவரியில் நியூயார்க் ஹெரால்ட் டிரிப்யூன் நாளிதழில் வந்த ஒரு கட்டுரையில் லீயே ஒப்புக்கொண்டிருக்கிறார்: கதையைப் பற்றி இருவருக்கும் வாக்குவாதம் முற்றியதால், இனி நீயே கதையை அமைத்துக்கொள் என்று டிட்கோவிடம் விட்டுவிட்டாராம். இந்த 33வது இதழ் வெளிவந்த சமயம் அது. ஒருவரோடு ஒருவர் சரியாகப் பேசிக்கொள்ளாத இரண்டு பேர், தனித்தனி அறைகளில் உட்கார்ந்து, இப்படி ஒன்றைச் செய்திருக்கிறார்கள். 38வது இதழோடு டிட்கோ ஸ்பைடர்மேனை விட்டுப் போய்விட்டார். 39லிருந்து ஜான் ரொமிட்டா. பிற்காலத்தில் டிட்கோ நேர்காணல்களைத் தவிர்த்தே வாழ்ந்தார். லீயும் டிட்கோவும் ஒரே வருடத்தில், 2018ல், சில மாத இடைவெளியில் இறந்தார்கள்.

வசனம் தேவையா என்பது எனக்கு நெடுநாள் சந்தேகம். படம் மட்டுமே போதும் என்பதற்கு நானே சாட்சி. ஆனால் இப்போது வாசித்துப் பார்க்கும்போது லீ செய்த ஒரு காரியத்தை மதிக்கிறேன். பீட்டர் அந்தப் பக்கங்களில் எதிரியை ஒரு வார்த்தை திட்டுவதில்லை. பென் மாமா போனபோது தவறவிட்டதையும், அத்தையை இப்போது தவறவிடக்கூடாது என்பதையும் தனக்குத்தானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறான். வேண்டுதல் மாதிரி. சில இடங்களில் வார்த்தை கூடிப்போய்விட்டது, குமிழ்கள் படத்தை நெருக்குகின்றன. ஆனாலும் மிதக்கும் அந்த இருவருக்கும் பெயர் கொடுத்தது லீயின் எழுத்துதான். அது புரியாததால்தான் நான் அவர்களைப் பேய்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுபதிப்பில் எனக்கு ஒரு குறை உண்டு, நிறம். அந்தக் காலத்து காமிக்ஸ்களை மலிவான செய்தித்தாள் காகிதத்தில், நான்கு மையில், சின்னச் சின்னப் புள்ளிகளாக அச்சிட்டார்கள். காகிதம் மையைக் குடித்துவிடும். சிவப்பு கொஞ்சம் செங்கல் நிறமாகும், வெள்ளை ஒருநாளும் முழு வெள்ளையாக இருக்காது. நிறம் பூசியவர்கள் அதைக் கணக்கில் வைத்துக்கொண்டுதான் அடர்த்தியான நிறங்களைக் கொடுத்தார்கள். அதே நிறங்களை வழவழப்பான வெள்ளைத் தாளில், புள்ளி இல்லாமல் சமமாகப் போட்டால் கண் கூசுகிறது. ஆற்றுக்கு அடியில் இருக்கும் இருட்டுக் கிடங்கு கல்யாண மண்டபம் மாதிரி ஜொலிக்கிறது. என் பழுப்புப் புத்தகத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தேன். கதை மறுபதிப்பில் முழுசாக இருக்கிறது, இருட்டு பழையதில்தான் இருக்கிறது.

கோடுகளும் அப்படித்தான். 1960களின் நடுவில் ஓவியர்கள் அச்சுப் பக்கத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அகல உயரமுள்ள பெரிய அட்டையில் வரைந்தார்கள். அதைச் சுருக்கி அச்சிட்டார்கள். அந்த அசல் அட்டைகளில் பல எங்கெங்கோ போய்விட்டன. ஸ்பைடர்மேனின் முதல் கதைக்கு டிட்கோ வரைந்த அசல் பக்கங்கள் மட்டும் 2008ல் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்துக்குப் பெயர் சொல்ல விரும்பாத ஒருவரால் நன்கொடையாக வந்து சேர்ந்தன. அசல் கிடைக்காத கதைகளை மறுபடி அச்சிட வேண்டுமென்றால், மிஞ்சியிருக்கும் படச்சுருளையோ, அதுவும் இல்லையென்றால் பழைய அச்சுப் புத்தகத்தையோதான் நம்ப வேண்டும். கிரெக் தீக்ஸ்டன் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய காமிக்ஸ் பக்கத்தை ரசாயனத்தில் நனைத்து நிறங்களை வெளுக்க வைப்பார். கறுப்புக் கோடு மட்டும் தாளில் நிற்கும். அதைப் படம் பிடித்துப் புது நிறம் பூசலாம். அந்த முறைக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். இதில் அந்தப் பழைய பிரதி அழிந்துவிடும். ஆயிரம் பேர் படிக்க ஒரு புத்தகம் சாக வேண்டும். முதலில் இதைக் கேள்விப்பட்டபோது நெஞ்சு பதறியது. என்னிடம் இருக்கிற இந்தப் புத்தகத்தைக் கேட்டால் கொடுப்பேனா என்று யோசித்தேன். கொடுக்க மாட்டேன்.

கறுப்பு வெள்ளையிலும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று நண்பரிடம் ‘எசென்ஷியல்’ தொகுப்பை வாங்கி வந்தேன். 21 முதல் 43 வரையிலான இதழ்கள் அதன் இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன, சாதாரணத் தாளில், நிறமே இல்லாமல். அந்த ஐந்து பக்கத்துக்கு அதுதான் சரியான பதிப்பு என்பது என் முடிவு. உடையின் கறுப்பும் எந்திரத்தின் கறுப்பும் ஒன்றோடொன்று கலந்து, எங்கே மனிதன் முடிகிறான், எங்கே இரும்பு தொடங்குகிறது என்று தேட வேண்டியிருக்கிறது. எழுந்து நிற்கும்போது அவன் அதிலிருந்து பிய்த்துக்கொண்டு வருகிறான். மாஸ்டர்வொர்க்ஸில் கவனிக்காத ஒரு நீர்த்துளியை அங்கே கண்டேன், அவன் கைக்குப் பக்கத்தில், வெறும் வெள்ளை இடமாக.

தூக்கிய பிறகு என்ன ஆகிறது என்பதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. எல்லாருக்கும் ஐந்தாவது பக்கத்தோடு கதை முடிந்துவிடுகிறது. உண்மையில் இன்னும் பதினைந்து பக்கம் இருக்கிறது. கூரை உடைந்து ஆறு உள்ளே பாய்கிறது. அதிலிருந்து கரையேறினால் கும்பலின் ஆட்கள் நிற்கிறார்கள். அவனிடம் பலமே மிச்சமில்லை. அடித்துக்கொண்டே இருக்கிறான், எதிரே யாரும் நிற்கவில்லை என்பதுகூடத் தெரியாமல். எல்லாரும் விழுந்து கிடக்கிறார்கள், இவன் கை மட்டும் நிற்கவில்லை. சின்ன வயதில் இதைப் பார்த்து உற்சாகமாகக் கத்தியிருக்கிறேன். இந்தத் தடவை பார்க்கச் சங்கடமாக இருந்தது. வீரம் என்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த இரவில் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். மருந்தை வாங்கிவந்து நர்ஸ் கையில் கொடுத்த பிறகும் தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வேகமாக நடந்துகொண்டே இருந்தேன். “தம்பி, உட்காருங்க, குடுத்தாச்சு” என்று அந்த நர்ஸம்மா இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

மருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்கிறது. இனி காத்திருக்க வேண்டியதுதான். அதற்கு நடுவிலும் பீட்டருக்குப் பணக் கவலை இருக்கிறது. கும்பல் பிடிபட்ட படங்களைக் கொண்டுபோய்ப் பத்திரிகை முதலாளி ஜேமிசனிடம் விற்கிறான். அங்கே வேலை பார்க்கும், அவன்மேல் பிரியம் உள்ள பெட்டி பிரான்ட் அவன் முகத்துக் காயங்களைப் பார்க்கிறாள். பதறி விலகிப்போகிறாள். அவளிடம் விளக்கம் சொல்ல முடியாது, சொல்லவும் தெம்பில்லை. அவளைப் பின்தொடராமல் ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிறான்.

இந்த இடத்தில்தான் என் பழைய புத்தகம் முடிந்துபோயிருந்தது. மீதியை நானே மனதுக்குள் வரைந்து வைத்திருந்தேன். அதிலும் ஒரு முழுப்பக்கப் படம் உண்டு. அந்தப் பாட்டி எழுந்து உட்கார்ந்திருப்பாள். அவன் முகமூடியைக் கழற்றி, நான்தான் என்று சொல்வான். எந்திரத்தைத் தூக்கியதை, தண்ணீரில் தத்தளித்ததை, எல்லாவற்றையும் சொல்வான். அவள் அவன் தலையில் கை வைப்பாள். சில வருடங்கள் இப்படி, வேறு சில வருடங்கள் அவள் கட்டில் காலியாக இருக்கும். எனக்கு அம்மாவிடம் அடி விழுந்த நாட்களில் காலிக் கட்டிலைத்தான் நினைத்துக்கொண்டேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது.

மறுபதிப்பில் அந்தப் பக்கங்களுக்கு வந்தபோது விரலால் அடுத்த கட்டத்தை மறைத்துக்கொண்டுதான் வாசித்தேன். அத்தை பிழைத்துவிடுவாள் என்று டாக்டர் சொல்கிறார். முழுப்பக்கப் படம் எதுவும் இல்லை. எல்லாம் சாதாரணச் சின்னக் கட்டங்கள். பீட்டர் சத்தமில்லாமல் அறைக்குள் போகிறான். அவள் தூங்கிக்கொண்டிருக்கிறாள். எழுப்பவில்லை. பார்க்கிறான். முகமெல்லாம் காயத்தோடு, தோள் தொங்க, வீட்டுக்கு நடக்கிறான்.